ஆளிறங்கிப் பாறை

"ஜீப்புக்கு எதுக்கு மூக்கு?"

நந்தனாவுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய அப்பா ராஜகுமார் துபாயிலிருந்து திரும்பி வந்து, தாத்தா குமாரதாஸின் பழைய ஜீப்பை ஜான்ரோஸின் வொர்க்‌ஷாப்பில் ஒன்றரை மாதம் போட்டு, அடையாளமே தெரியாமல் மாற்றி முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவள் அப்படிக் கேட்டாள். என்ஜின் மூடியின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, முன்கண்ணாடியின் ஓரமாக மேலேறி, கூரை உயரத்தில் முன்னோக்கி வளைந்து நின்ற கறுப்புக் குழாயைத்தான் அவள் மூக்கு என்றாள்.

ஜீப் தண்ணீருக்குள் போகும்போது மூச்சு விடுவதற்கு என்றான் ராஜகுமார். அவ்வளவு வெள்ளம் எங்கே கிடக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். ஜான்ரோஸ் பிள்ளையைத் தூக்கி என்ஜின் மூடிமேல் உட்காரவைத்தான். பதிலை மட்டும் யாரும் சொல்லவில்லை.

குலசேகரத்துக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. குமாரதாஸ் முப்பது வருடம் கரும்பாறை எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டியவர். பதினொரு கிலோமீட்டர், அதில் கடைசி ஆறு கிலோமீட்டர் ரோடு என்பது பேச்சுக்குத்தான், வெறும் உருளைக்கல். திங்கட்கிழமை காலையில் கிராம்பு பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். சனிக்கிழமை மத்தியானம் அவர்களையும் கிராம்பு மூட்டைகளையும் கீழே கொண்டுவருவார். நெற்றியில் நாமமும் தோளில் துண்டுமாக, பெண்களிடம் ஒரு சொல் கூடுதலாகப் பேசாமல் ஓட்டுவார். மூட்டு தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் ஆனபோது மகனிடம் சாவியைக் கொடுத்தார்.

அந்த வழியில் ஒரு தோடு குறுக்கே ஓடும். காட்டு ஓடைக்கு இங்கே தோடு என்றுதான் பெயர். தோட்டின் கரையில் ஒருபக்கமாய்ச் சரிந்து கிடக்கும் பெரிய பாறையின்மேல் ஏறித்தான் ஜீப் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆளிறங்கி என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. ஆனால் எல்லா ஜீப்காரர்களும் அங்கே நிறுத்துவார்கள், எல்லோரும் இறங்குவார்கள். ஓட்டுகிறவன் மட்டும் வண்டியைப் பாறைமேல் ஏற்றி, தோட்டைக் கடந்து அக்கரையில் நிறுத்துவான். பின்கொக்கியில் ஒரு வடத்தைக் கட்டி மறுமுனையை எறிவான். தலையில் சுமையோடு பெண்கள் அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற கல்லில் கால் தடவித் தடவிக் கடந்து வருவார்கள். பிள்ளைத்தாச்சி என்றாலும் இறங்க வேண்டும், எஸ்டேட் முதலாளி என்றாலும் இறங்க வேண்டும்.

ராஜகுமார் துபாயில் ஆறு வருடம் பாலைவனத்தில் வெள்ளைக்காரர்களை வைத்து மணல்மேட்டில் வண்டி ஓட்டியவன். ஊருக்கு வந்தபின் அதே வேலையை மலையில் செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வாரத்தில் இரண்டு நாள் எஸ்டேட் பெண்கள், மீதி நாள் நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வரும் பிள்ளைகள். அவர்களுக்குப் படம் எடுக்கத் தகுந்த வண்டி வேண்டும். அப்படித்தான் ஜீப்புக்கு மூக்கு வந்தது. நெற்றியில் நீளமான விளக்குப்பட்டை வந்தது. முன்னால் சிக்கிய வண்டியை இழுக்க இரும்புக் கயிறு சுற்றிய வின்ச், கூரைமேல் மூட்டை வைக்கப் பைப்பில் செய்த கேரியர், பெரிய பெரிய பற்கள் வைத்த டயர்கள். அந்த டயர்கள் உள்ளே அடங்குவதற்காக, ஜீப்பின் உடலை அச்சிலிருந்து நாலு இஞ்சு மேலே தூக்கும் லிஃப்ட் செட்.

ஏறி உட்காரப் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. ஒன்றரை வருடம் ஓடியது. ஆளிறங்கியில் இனி யாரும் இறங்க வேண்டாம் என்று ராஜகுமார் சொன்னான். உண்மையிலேயே வண்டி சும்மா ஏறிப் போனது. பெண்களுக்கும் சேலை நனையவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிராம்பின் கடைசிப் பறிப்பு முடிந்து இறங்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. பெண்கள் உள்ளே இருக்கட்டும் என்று ராஜகுமார் ஆறு மூட்டைகளையும் கேரியரில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிக் கட்டினான். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆளிறங்கி வந்தபோது ஞானதீபம் என்ற பெண் ஜீப்பின் தகட்டைத் தட்டினாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. வருடத்தில் எட்டு மாதம் மலையில்தான்.

"நிறுத்து மக்கா. நான் எறங்கணும்."

"அக்கா, எறங்குகதெல்லாம் அப்பாவுக்க பழைய வண்டிக்கு. இது வேற வண்டி."

"வண்டி வேறதான். பாறை அதே பாறைல்லா. மேல மூட்டை வேற கெடக்கு. நிறுத்து."

அவள் இறங்கினாள். ஒருத்தி இறங்கினால் மற்றவர்களும் இறங்கத்தானே வேண்டும். மற்ற ஆறு பெண்களும் அவளைத் திட்டிக்கொண்டே மழையில் இறங்கினார்கள். ராஜகுமார் சிரித்தான். கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்து ஹாரன் அடித்து விளையாடினான். வண்டி பாறைமேல் ஏறியது, பாதியில் ஒரு பின்சக்கரம் வழுக்கியது. பழைய ஜீப் என்றால் அந்த அளவுக்குச் சரிந்து நின்றிருக்கும். இது நிற்கவில்லை. மேலே இருந்த மூட்டைகள் இழுத்ததும், மெதுவாக, உறக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதைப்போலத் தோட்டுக்குள் மறிந்தது.

ஏழு பெண்களும் மரத்தடி ஒன்றைக் கொடுத்து நெம்பி அவனை வெளியே எடுத்தார்கள். ஃபோன் எடுக்காத இடம். தார்ப்பாயை நீளமாக மடித்து, அதில் அவனைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, மாற்றி மாற்றி மூன்று கிலோமீட்டர் சுமந்து தார்ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுவதும் ஞானதீபம் அவன் தலைமாட்டில் நடந்து, மழை முகத்தில் விழாமல் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். கிராம்பு மூட்டை ஆறும் தோட்டோடு போனது. அதைப் பற்றி அந்தப் பெண்கள் யாரும் பின்னால் ஒரு வார்த்தை பேசவில்லை.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஐப்பசி வந்தபோது, முன்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் ராஜகுமார் கிடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் போட வேண்டும். அவனுடைய மனைவி சுனிதா, அண்டியாபீஸ் என்று எல்லோரும் சொல்லும் முந்திரித் தொழிற்சாலையில் பருப்பு உடைக்கப் போகத் தொடங்கியிருந்தாள். அவள் போனபின் ராஜகுமாரின் தாயார் பகவதிதான் புரட்ட வேண்டும். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நேரமாகிவிட்டது. அன்று முதுகின் அடியில் சிவந்த ஒரு வட்டம் புண்ணானது. பிறகு அது ஆறவில்லை. ஒரு ரூபாய்க் காசளவு இருந்தது, இட்லியளவு ஆயிற்று.

வேறொரு ஜில்லாவில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு மையம் இருப்பதை வைத்தியசாலையில் ஒரு நர்ஸ் சொன்னாள். புண்ணை ஆற்றுவார்கள், சக்கர நாற்காலியில் ஏறி இறங்கப் பழக்குவார்கள், கையால் செய்யும் வேலை ஒன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஐப்பசி முடிவதற்குள் வந்தால் ஒரு கட்டில் ஒழியும் என்று பதில் வந்திருந்தது. கொண்டுபோகவும், கூட ஒருவர் மூன்று மாதம் தங்கவும் பணம் வேண்டும். வீட்டில் விற்க மிச்சமிருந்தது பலாமரத்தடியில் கிடந்த ஜீப் மட்டும். அதன் உடல் நசுங்கிப் போயிருந்தாலும், பூட்டிய சாமான்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

ஜான்ரோஸ்தான் ஆள் கண்டுபிடித்தான். ஹரிகுமார் என்று ஒரு பையன். சுசீந்திரம் பக்கத்தில் வயல்காட்டு ஊர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பழைய ஜீப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். எல்லாச் சாமானும் ஒன்றாகக் கிடைத்தால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னானாம். உதிரியாக வாங்கி அலைய அவனுக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழையோடு வந்தான். நெற்றியில் திருநீறு, கையில் ஃபோன். ஃபோனில் ஒரு பட்டியல். பகவதி பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவன் கூச்சமில்லாமல் உட்கார்ந்து தின்றான். தை மாதம் கல்யாணம் என்றான். பெண்ணின் பெயர் லட்சுமிப்ரியா. இரண்டு பேருக்கும் மலை பிடிக்கும். இங்கிருந்து ஆனைமலை வரை எந்த மலையையும் விடப்போவதில்லை என்றான். குமாரதாஸுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் அவருக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

பலாமரத்தடியில் தார்ப்பாயை விலக்கி ஹரிகுமாரும் குமாரதாஸும் ஜான்ரோஸும் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நாலடி தூரம். ஹரிகுமார் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டான். குமாரதாஸ் ஒவ்வொன்றுக்கும் நல்லதாகவே சொன்னார். மூக்கு நல்ல மூக்கு, விளக்கு நல்ல விளக்கு. பொய் என்று சொல்ல முடியாது. கடைசியில் அவன் குனிந்து அடியில் பார்த்து, அவன் வந்ததே அதற்காகத்தான் என்பதுபோல லிஃப்ட் செட்டின் நீளமான பட்டைகளைத் தடவினான்.

"இதுதான் அண்ணாச்சி முக்கியம். இது எப்படி?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல தம்பி. புதுசு மாதிரியாக்கும்."

"வண்டி மறிஞ்சது எதுனால?"

குமாரதாஸ் மழையைப் பார்த்தார். ஜான்ரோஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

"மழை தம்பி. பாறை வழுக்கிட்டு. அது அவனுக்க நேரம்."

ஹரிகுமார் சரி என்று தலையை ஆட்டினான். பணத்தை எப்போது தரலாம், கழற்ற எத்தனை நாளாகும் என்று ஜான்ரோஸிடம் பேசத் தொடங்கினான். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. சத்தமான குரல் அல்ல. ஆறு மாதமாக அந்தக் கட்டிலிலிருந்து தண்ணீர், ஃபேன் என்பதற்கு மேல் எதுவும் வந்ததில்லை.

"அப்பா. அவருக்கு அத குடுக்காண்டாம்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அவரைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க."

ஹரிகுமார் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. மருந்தும் டெட்டாலும் கலந்த ஒரு வாடை. அதன் அடியில் வேறொரு வாடை. அவன் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்தான். அதைப் பகவதி கவனித்தாள்.

"உங்களுக்கு அந்த மூக்கு வேண்டாம்," என்றான் ராஜகுமார். "எங்க தோட்டுல பெருமழைக்குக்கூட வெள்ளம் அச்சுக்கு மேல வராது. பானட்டுக்கு மேல வெள்ளம் வந்துட்டுண்ணா வண்டிய விட்டுட்டு ஓடணும். மூக்கு இருக்குண்ணு உள்ள எறங்கப்பிடாது. எனக்க பிள்ளை அண்ணைக்கே கேட்டா. நான்தான் சிரிச்சேன்."

"லைட்டு அண்ணே?"

"மலையில மஞ்சு எறங்கும். அந்த வெளிச்சம் முழுக்க மஞ்சுல பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். முன்னால சுவரு எழுப்புன மாதிரி இருக்கும். நான் அத அணைச்சிட்டு பழைய மஞ்ச லைட்ட போட்டுதான் ஓட்டுவேன். ஃபோட்டோ எடுக்க வாறவங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுகது."

"வின்ச்சு நல்லதுண்ணு எல்லாவனும் சொல்லுகான்."

"நல்லதுதான். எங்க கெட்டுவிய? இங்க சுத்தியும் ரப்பராக்கும். ரப்பர் மரத்துல இரும்புவடத்த சுத்துனா பட்டை போச்சு, பின்ன பால் வடியாது. நீங்க வண்டிய இழுத்துக் கேற்றதுக்குள்ள மரத்துக்காரன் வெட்டுக்கத்தியோட வந்திருவான்."

ஹரிகுமார் சிரித்துவிட்டான். ராஜகுமாரின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. வாசலில் நின்ற குமாரதாஸ் அதைப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டயரு பெருசா போடாதீங்க. பிரேக்கு பிடிக்காது. லோ கியருல போட்டாலும் ஓடிக்கிட்டேதான் எறங்கும். கம்பனி தந்த அளவுல நல்ல டயரு போதும். அதப் போட்டா வண்டிய தூக்கிப் பொக்கம் கூட்டவும் வேண்டாம். இந்த லிஃப்ட் இருக்கே, சமதரையில பாக்க ஆனை மாதிரி இருக்கும். சரிவுல ஆனை நிக்கும், இது நிக்காது. அப்பாவுக்க வண்டி அந்தப் பாறையில முப்பது வருசம் ஏறி எறங்குனது. அப்பா உங்ககிட்ட மழைண்ணு சொன்னாங்க. மழையும் உண்டு. ஆனா மழை முப்பது வருசமும் பெய்துல்லா."

 ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் முற்றத்துப் பானையில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பம் எதுதான் அண்ணே வேணும்?" என்றான் ஹரிகுமார். பட்டியல் இருந்த ஃபோனை அவன் கவிழ்த்து மடியில் வைத்திருந்தான்.

"முன்னயும் பின்னயும் நல்ல கொக்கி. நைலான் வடம் ஒண்ணு. காத்தடிக்கிற சின்ன மெஷின். கல்லுல ஏறும்பம் டயருல காத்த பாதி எறக்கணும், அப்பம் அது கல்லைக் கவ்விப் பிடிக்கும். கீழ வந்து திருப்பி அடிக்கணும். அதுக்கு மெஷின் வேணும். என்ஜினுக்கு அடியில ஒரு தகடு. பின்ன..."

அவன் மூச்சு வாங்கினான். பகவதி தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

"பின்ன கூடு. துபாயில எல்லா வண்டிக்க உள்ளயும் கனத்த கம்பியில ஒரு கூடு உண்டு. ஆளச் சுத்தி. வண்டி மறிஞ்சாலும் மேல்பாகம் அமுங்காது. ஆறு வருசம் அதுக்க உள்ள இருந்துதான் ஓட்டுனேன். ரெண்டு மட்டம் மணலுல மறிஞ்சிருக்கேன். பெல்ட்ட கழத்திட்டு சிரிச்சிட்டே எறங்கி வந்தேன். ஊருக்கு வந்து எல்லாத்தையும் போட்டேன். அத மட்டும் போடல்ல."

"ஏன் அண்ணே?"

"அது உள்ளல்லா இருக்கும். ஃபோட்டோவுல தெரியாது."

வாசலுக்கு வெளியே ஜான்ரோஸ் நின்றுகொண்டிருந்தான். அன்று மூட்டை வைக்கப் பைப் வளைத்துக் கேரியர் செய்தவன் அவன்தான். அந்தப் பைப்தான் மடங்கி ராஜகுமாரின் முதுகில் விழுந்தது. அவன் மழையில் இறங்கிப் பலாமரத்தடிக்குப் போய்விட்டான்.

"கல்யாணம் கழிஞ்சு அந்தப் பிள்ளைய கொண்டு போவீங்க இல்லியா," என்றான் ராஜகுமார். "மோசமான எடம் வந்தா எறங்கி நடக்கச் சொல்லுங்க. ஓட்டத் தெரியாதவம்ணு நெனைப்பாளோண்ணு கூச்சப்படாண்டாம்."

புரட்டிப் போடும் நேரம் ஆகியிருந்தது. பகவதி வந்து நின்று, வெளி ஆளின் முன்னால் எப்படி என்று தயங்கினாள். ஹரிகுமார் எழுந்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டு, ராஜகுமாரின் தோளுக்கு அடியில் கைகொடுத்தான். குமாரதாஸ் இடுப்பைப் பிடித்தார். மூவரும் சேர்ந்து அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். புண்ணைப் பார்த்ததும் அந்தப் பையனின் கண் நிறைந்தது. இப்படி ஒரு கணத்தில் ஒரு மனிதனுடைய உள்ளம் எதுவென்று அவர்கள் கும்பிடும் அய்யா காட்டிவிடுகிறார்.

ஜீப்பில் கிடந்த காற்றடிக்கும் மெஷினையும் கொக்கிகளையும் வடத்தையும் அடித்தகட்டையும் மட்டும் அவன் வாங்கிக்கொண்டான். கேட்ட விலைக்குப் பேசாமல் கொடுத்தான். ஆனாலும் அது பெரிய தொகை இல்லை. மொத்தமாக எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடியதில் கால்பங்குகூட இருக்காது.

அவன் போனபின் பகவதி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"உள்ளத சொல்லி அப்பனும் மவனும் வைகுண்டத்துக்குப் போங்க. எனக்கு இவனுக்க புண்ணு ஆறணும். அவ்வளவுதான்."

 குமாரதாஸ் குடையை எடுத்துக்கொண்டு அய்யாவைக் கும்பிடும் இடமான நிழல்தாங்கலுக்குப் போனார். துண்டைத் தலையில் பாகையாகக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல் கண்ணாடியின் முன்னால் நின்றார். வேறு கோயில்களில் சாமியைப் பார்க்கிறார்கள். இங்கே இரண்டு விளக்குகளுக்கு நடுவில் தன்னையேதான் பார்க்க வேண்டும். மழை, அது அவனுடைய நேரம் என்று அந்தப் பையனிடம் சொன்ன வாய் எதிரே இருந்தது. வெகுநேரம் நிற்க முடியவில்லை. பணிவிடைக்காரர் நாமம் சார்த்தக் கை நீட்டியபோது, கொஞ்சம் தயங்கித்தான் நெற்றியைக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஜான்ரோஸ் வந்தான். தூத்துக்குடியிலிருந்து ஒருவன் லிஃப்ட் செட்டைக் கேட்கிறான், படம் அனுப்பினால் போதும், ஆள் வரமாட்டான், எதுவும் கேட்கவும் மாட்டான் என்றான். சொல்லிவிட்டு, "நான் சொல்லணும்ணு சொன்னேன் தாஸண்ணே, அவ்வளவுதான்," என்று நிறுத்திக்கொண்டான். குமாரதாஸ் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகு தெரிந்தது.

"காஸ் கட்டரு கொண்டு வா."

பட்டைகளையும் கட்டைகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் மூன்றாகத் துண்டித்தார்கள். யாருக்கும் பயன்படாத இரும்பாக ஆனபின் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரன் எடை போட்டு எடுத்துப் போனான். ஜான்ரோஸ் அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. அவன் வாங்கமாட்டான் என்று குமாரதாஸுக்கும் தெரியும்; அதனால் கொடுக்கவும் போகவில்லை. கொடுத்திருந்தால் அவன் மனம் நொந்திருக்கும்.

இப்படி எல்லோரும் சரியாக நடந்துகொண்டார்கள். ஆனாலும் மீதிச் சாமான்களைக் கேட்டு யாரும் வருவதற்குள் ஐப்பசி முடிந்தது. மையத்தில் ஒழிந்த கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். அடுத்த கட்டில் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். புண் எலும்புவரை போயிற்று. கார்த்திகையில் காய்ச்சல் தொடங்கியது, விட்டுவிட்டு வந்தது, ஒவ்வொரு முறையும் போகும்போது அவனிடமிருந்து கொஞ்சத்தைக் கூட எடுத்துக்கொண்டு போனது. சுனிதா அண்டியாபீஸிலிருந்து கறைபிடித்த விரல்களோடு வந்து, அந்த விரல்களால் அவனைத் தொடக் கூசி, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். நந்தனா பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் கட்டிலில் ஏறாமல் தரையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதப் பழகிக்கொண்டாள். யாரும் அவளிடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் ஞானதீபம் விழுந்தாள். ராஜகுமாருக்கு நடந்தபின் மற்ற ஜீப்காரர்கள் ஆளிறங்கிக்கு இக்கரையிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெண்கள் தோட்டைக் கடந்து மீதியை நடக்க வேண்டும். அக்கரையில் வண்டி இல்லை; வடம் கட்டக் கொக்கி இல்லை. மழைவெள்ளத்தில் கால் வழுக்கி, தலைச்சுமையோடு விழுந்து, அவள் இடது கை மணிக்கட்டில் ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒருநாள் ராஜகுமாரைப் பார்க்க வந்தாள். ஏத்தன்பழம் ஒரு சீப்பும், பாட்டிலில் மலைத்தேனும் கொண்டுவந்திருந்தாள். புண்ணுக்குத் தேன் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். கை எப்படி என்று கேட்டதற்கு, ஒரு கையால் களை பிடுங்கப் பழகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள்.

ராஜகுமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காய்ச்சல் இல்லை.

"அக்கா, அண்ணைக்கு நீங்க எறங்கல்லெங்கி ஏழு பேரு."

"அத விடு மக்கா. எனக்குப் பயம், எறங்குனேன். வேற ஒண்ணும் இல்ல."

"நான் ஹாரன் அடிச்சேன்."

"அடிச்சா என்ன? சின்னப் பிள்ளைல்லா நீ."

அவள் நல்ல கையால் அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தாள். குமாரதாஸ் ரோடுவரை கூடவே போனார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் நினைத்தார். பஸ் வந்தது, ஏறக் கைகொடுத்தார், அவள் போய்விட்டாள்.

மாசி பிறந்தது. மலையில் மறுபடியும் கிராம்புப் பறிப்பு. ராஜகுமாரின் சிறுநீரகங்களும் கெட்டுப்போயின என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். இனி இங்கே வைத்திருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, வீட்டில் உங்கள் கண்முன்னால் இருக்கட்டும் என்று அந்த டாக்டர் குமாரதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதற்காக அவர் டாக்டருக்கு நன்றி சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சுனிதாவுக்கு விடுமுறை. புரட்டிப் போட அவள் இருக்கிறாள். குமாரதாஸ் கடப்பாரையையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே என்று பகவதி கேட்டதற்கு, சும்மா இப்படி என்றார். செக்போஸ்ட்வரை பஸ்ஸில் போனார். பிறகு நடந்தார். தேய்ந்த மூட்டோடு இரண்டு மணி நேரம். மலையில் இருந்த பெண்கள் சனிக்கிழமையே இறங்கிவிட்டார்கள். இனித் திங்கட்கிழமைதான் வருவார்கள். வழியில் யாரும் இல்லை. ஒரு மலையணில் மட்டும் கிளைக்குக் கிளை கூடவே வந்து, சலித்து நின்றுவிட்டது.

தோட்டில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடியது. கல் வைக்க இதுதான் காலம். குமாரதாஸ் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கரையோரத்துப் பெரிய கற்களில் தட்டையானவற்றைத் தேர்ந்து, கடப்பாரையால் நெம்பி நெம்பிப் புரட்டினார். ஒரு கல்லை ஆறடி நகர்த்த முக்கால் மணி நேரமாயிற்று. மணலைத் தோண்டிப் பாதியை உள்ளே இறக்கி, அடியில் சின்னக் கல் கொடுத்து, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்ப்பார். அசைந்தால் மறுபடி நெம்புவார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடைவெளியை அவர் தன் காலால் அளக்கவில்லை. சேலை கட்டித் தலையில் சுமை வைத்து நடப்பவர்களின் எட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, நெருக்கி நெருக்கிப் போட்டார். மேலே பாசி பிடிக்காதிருக்க ஒவ்வொன்றின் முகத்தையும் கடப்பாரை நுனியால் கொத்திச் சொரசொரப்பாக்கினார். உள்ளங்கையில் கொப்புளம் பொட்டியது. சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார்.

மறிந்த ஜீப்பின் கண்ணாடித் துண்டுகள் ஒன்றிரண்டு மணலில் கிடந்தன. யாருடைய காலையும் கிழிக்காமல் இருக்க அவற்றைப் பொறுக்கிக் காட்டுப்பக்கம் ஒரு பொந்தில் போட்டுக் கல்லால் மூடினார்.

வெயில் சாயத் தொடங்கியபோது பதினொரு கற்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே வரிசையாகத் தலைகாட்டி நின்றன. அவர் பெண்களின் தலைச்சுமை அளவு கனமுள்ள ஒரு கல்லைத் தலையில் தூக்கி வைத்து, ஒரு கையை மட்டும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தொங்கவிட்டபடி கடந்து பார்த்தார். ஏழாவது கல் மயிரிழை ஆடியது. தலைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு அதன் அடியில் ஒரு ஆப்புக்கல்லை அடித்து இறுக்கினார். மறுபடி தலையில் ஏற்றிக் கடந்தார். ஆடவில்லை.

அக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். வீட்டில் இப்போது அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருப்பார்கள்.

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார். கற்களின்மேல் அவர் காலிலிருந்த மண் ஒட்டியிருந்தது. கை நிறையத் தண்ணீர் அள்ளி எறிந்து ஒவ்வொன்றாகக் கழுவினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கற்களில் கால் வைக்காமல், பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கி நடந்து இக்கரைக்கு வந்தார்.